முன்பாரம்

எங்கள் வீட்டில் துவக்கு வைத்திருப்பவர் அம்மா. இதைச் சொன்னால் சனம் முதலில் சிரிக்கும், பிறகு அப்பாவின் சுகத்தை விசாரிக்கும். ஆகவே தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அது காற்றழுத்தத்தில் ஈயக் குண்டு சுடும் போட்டித் துவக்கு. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டையின் நடுவில் பேனா முனையால் வைத்ததுபோல ஒரு புள்ளி. அம்மா சுடுவது அந்தப் புள்ளியை. மனிசரைச் சுட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்த வருடம் எனக்குத்தான் வந்தது.

அம்மாவின் பெயர் புஷ்பமலர். மன்னாரில் பிறந்தவர், இப்போது ஐம்பத்திரண்டு வயது, முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. நாங்கள் இருப்பது டோர்ட்மண்டுக்குத் தெற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் பங்குக் கோயில் இருந்தால் கூடவே ஒரு துப்பாக்கிச் சங்கமும் இருக்கும். செபஸ்தியார் படம் போட்ட கொடி, வருடத்துக்கொரு திருவிழா, கம்பத்தில் ஏற்றிய மரப்பறவையைச் சுட்டு விழுத்துகிறவர் அந்த வருடத்து ராசா. உடம்பெல்லாம் அம்பு தைத்து நிற்கிற புனிதரிடம் போய்க் குறி தப்பக்கூடாது என்று மன்றாடுகிறார்களே என்று நான் பகிடி பண்ணினால், அவருக்குத்தானே அந்த வருத்தம் தெரியும் என்பார் அம்மா.

ஒன்பது வருடத்துக்கு முன் அந்தத் திருவிழாவுக்கு அம்மா றோல்ஸ் பொரித்துக் கொடுக்கப் போனார். பொரித்து முடித்துக் கை கழுவிவிட்டு, பிள்ளைகள் சுடுகிற கூடாரத்தில் புதினம் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் யாரோ துவக்கை நீட்டியிருக்கிறார்கள். வரிசையாகக் குத்தி வைத்திருந்த பிளாஸ்டிக் ரோசாப்பூ அத்தனையையும் அம்மா விழுத்திவிட்டார். கடைசிப் பூ விழுந்தபோது பின்னால் நின்றவர்கள் பியர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள் என்று அப்பா சொல்லுவார். அவர் சொல்லச் சொல்லப் பூக்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது. அடுத்த கிழமை அம்மாவைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாவது வருடம் அணியில் எடுத்தார்கள். நின்றபடி துவக்கைக் கையில் தூக்கிச் சுடுகிற அணி. அதில் அம்மாதான் ஒரே கறுத்த முகம், ஒரே துப்புரவுத் தொழிலாளி, பல வருடங்களாக மிகச் சிறந்த புள்ளி.

நான் லவினியா. இயந்திரப் பொறியியல் படித்தவள். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதற்கு என்ன அர்த்தம் என்றால், சலவை மெஷின் நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள், வரிப் பத்திரம் வந்தாலும் கூப்பிடுவார்கள், மக்டலீன் மாமிக்கு முழங்கால் வீங்கினாலும் கூப்பிடுவார்கள். ஆனால் நான் ஒன்றைச் சரியென்று சொன்னால் மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

போன ஐப்பசியில் போட்டிக்காலம் தொடங்கியபோது அம்மாவின் புள்ளி இறங்கத் தொடங்கியது. ஒரு போட்டிக்கு நாற்பது சூடு, ஒரு சூட்டுக்குக் கூடியது பத்துப் புள்ளி. முதல் முப்பதும் பழையபடி இருக்கும். கடைசிப் பத்தில் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போகும். பின்னால் நின்று பார்க்கிற எனக்கே தெரிந்தது. அம்மா குறி பார்க்கப் பார்க்கத் துவக்கின் மூக்கு மெல்ல மெல்லத் தாழ்ந்தது, நித்திரை தூங்குகிற ஆளின் தலை போல. கேட்டதற்கு, வயசு போகுது பிள்ளை என்றார். அவ்வளவுதான் கதை. தோளை இரண்டு தரம் உருட்டினார், கொட்டாவி விட்டார், வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டார்.

சங்கத்தில் போட்டிகளுக்குப் பொறுப்பான ஆள் ஹெர் ஹோல்ட்கம்ப், ஹெர் என்றால் ஜெர்மனில் திரு. நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது. மார்கழியில் ஒரு போட்டி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார், தடித்த சுடும் ஜாக்கெட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு. அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார், லவினியா, உன் அம்மா ஒன்றும் குறைந்துபோகமாட்டார், ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு பிரிவு இருக்கிறதுதானே, துவக்கைத் தாங்கியில் வைத்துச் சுடலாம், தோளுக்கும் நல்லது, அங்கே நல்ல கலகலப்பு, கேக்கும் உண்டு. மாசியில் நடக்கிற போட்டியில் குறைந்தது முந்நூற்று எழுபத்தைந்து எடுத்தால் பார்ப்போம், இல்லையென்றால் அடுத்த பருவத்தில் தாங்கி என்று உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லு.

அம்மாவுக்கு ஜெர்மன் விளங்கும். முப்பது வருடமாக இந்த நாட்டின் குளியலறைகளைக் கழுவுகிறவருக்கு ஜெர்மன் விளங்காமல் இருக்குமா? இலக்கணம் ஒழுங்கில்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு எட்டு வயதிலிருந்து வைத்தியரும் வாத்தியாரும் வரிக் கந்தோர்க்காரரும் என்னைப் பார்த்துத்தான் அம்மாவுடன் கதைத்தார்கள். எல்லோருக்கும் அது பழகிவிட்டது. அம்மாவுக்கும்.

காரில் ஏறியதும் நான் கொதித்தேன். அம்மா பெல்ட்டைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்தாள் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. மற்றவைக்கு ஏன் கரைச்சல்?"

"உங்களுக்குத் தாங்கியில வைச்சுச் சுட விருப்பமோ?"

அம்மா யன்னலைப் பார்த்தார். விருப்பமில்லை என்பதை அம்மா அப்படித்தான் சொல்லுவார். அணியில் நிற்பதுதான் அவருக்கென்று இருக்கிற ஒரே விஷயம். கிழமையில் ஒருநாள் வாளியும் துடைப்பமும் இல்லாத கை. அதைக் கேக்குக்காக விட்டுக்கொடு என்கிறார்கள்.

ஆக, பொறியியல் படித்தவள் யோசித்தாள். தோளைப் புதுப்பிக்க ஏலாது. துவக்கைப் புதுப்பிக்கலாம். முன்பாரத்தைக் குறைத்தால் மூக்குத் தாழாது. இதற்குப் பெரிய மூளை தேவையில்லை, நெம்புகோல் தெரிந்தால் போதும். பிடிக்கிற கையிலிருந்து தூரமாக இருக்கிற ஒவ்வொரு கிராமும் கைக்குப் பல மடங்காகத் தெரியும். குழலின் நுனியில் எடையை எடுத்தால் தோளுக்கு லாபம்.

முதலில் எலும்பு வைத்தியரைச் சந்திக்க நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுத்தேன். அது கிடைக்கவே தை மாதமாகிவிட்டது. அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வயதுக்கேற்ற தோள் என்றார். வயதுக்கேற்ற தோள் என்றால் என்ன நோய் என்று கேட்டேன். நோயே இல்லை என்றார். பிறகு ஏன் தாழ்கிறது என்று கேட்டேன். வயது என்றார். வட்டம் போட்டு விளையாடுகிற மனிதரிடம் எவ்வளவு நேரம் நிற்பது?

பிறகு துவக்கையும் எடுத்துக்கொண்டு, துவக்குத் திருத்துகிற ஹெர் நீமனிடம் போனேன். குழலின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளம் எடுத்து எடையைக் குறைக்கலாம் என்று நான் கணினியில் வரைந்து கொண்டு போயிருந்தேன். வேட்டைத் துவக்குகளில் செய்கிற வேலைதான். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துவக்கு உங்கள் கணவருடையதா என்று கேட்டார். எனக்குக் கணவன் இல்லை, துவக்கு என் அம்மாவுடையது என்றேன். அம்மாவுடைய கணவருடையதா என்றார். நான் மூச்சை இழுத்துவிட்டேன். குழலில் நான் கை வைக்கமாட்டேன், நீங்களும் வைக்கக்கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது, கை வைத்தால் திரும்பப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், இந்த வயதுத் துவக்குக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார். அதில் பிழை சொல்ல ஏலாது. பிறகு, பாரம் கூடினால்தானே ஆடாது, பெண்கள் ஏன் எப்போதும் பாரம் குறைக்கச் சொல்கிறார்கள் என்று தொடங்கினார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் உபயோகமாகச் சொன்னார். இந்த வகைத் துவக்கில் உள்ளே மெல்லிய குழல், அதற்கு மேலே உறை போல ஓர் உருக்குக் குழாய். அந்த மேற்குழாய் வெறும் உறைதான். அதை மாற்ற யாரிடமும் கேட்கத் தேவையில்லை, இரண்டு திருகாணி.

அன்றே கார்பன் நாரில் செய்த மேற்குழாய் ஒன்றுக்கு ஓர்டர் கொடுத்தேன். பாதி எடைகூட இல்லை. வந்ததும் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், ஏன் வீண் செலவு என்பார், உள்ளதே காணும் என்பார். போட்டிக்கு ஒரு கிழமை முன்னால் மாட்டிக் கையில் கொடுத்தால் தூக்கிப் பார்ப்பார், சிரிப்பார், அதோடு கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

போட்டிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா நேரே வேலைக்குப் போனார். நான் குசினி மேசையில் பழைய துவாயை விரித்துத் துவக்கை வைத்தேன். மாட்டுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும், முன்பும் பின்பும் தெரியாமல் வேலை செய்கிறவள் நானில்லை. அம்மா கேக்குக்கு மா நிறுக்கிற தராசு. துவக்கின் இரண்டு முனையையும் மாறி மாறி நிறுத்தேன். துவக்கோடு வந்த குறிப்பில் இருந்ததைவிட எண்பது கிராம் கூட. ஒன்றரை முட்டை. அதுவும் முழுக்க முன்பக்கத்தில்.

தராசு பிழை என்று நினைத்தேன். சீனிப் பைக்கற்றை வைத்துப் பார்த்தேன், தராசு சரி. செய்த கொம்பனி பொய் எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். ஹெர் நீமன் கையோடு ஏதாவது பூட்டிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அந்த மனிதனிடம் அப்பவே எனக்கு நம்பிக்கை இல்லை. கடைசியில் திருகாணியில் கை வைத்தேன்.

அப்பா அதுவரை அடுப்படியில் றால் உரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயர் அன்ரன். தண்ணீர்க் குழாய் செய்கிற தொழிற்சாலையில் வேலை, அதனால் எந்தத் திருகாணியும் அவருக்குப் பயமில்லை. திடீரென்று உரிக்கிற சத்தம் நின்றது.

"அதைக் கழட்டாதை பிள்ளை."

"ஏன்?"

"சும்மா சொல்லுறன். கிடக்கட்டும்."

"என்னப்பா கிடக்கட்டும்?"

அப்பா கையைக் கழுவப் போனார். எங்கள் வீட்டில் ஆண்கள் குற்றம் செய்தால் கை கழுவப் போவார்கள். நான் மேற்குழாயை இழுத்தேன். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்தேன். குழலுக்கும் மேற்குழாய்க்கும் இடையிலிருந்த இடைவெளியில், நுனிப் பக்கமாக, சாப்பாடு சுற்றுகிற பிளாஸ்டிக் தாளில் சுற்றி மின்சார வேலைக்காரரின் கறுப்பு நாடாவால் வரிந்து, லிங்குஸ் சொசேஜ் போல நீளமாக ஒன்று குழலைச் சுற்றி அணைத்துக்கொண்டிருந்தது. வேலை மகா சுத்தம். ஒரு துளி வெளியே இல்லை. நகத்தால் ஒரு மூலையைக் கீறினேன்.

"அப்பா, இதென்ன?"

"மண்."

"அது தெரியுது. என்ன மண்?"

"மடு மண்."

மன்னார் மடு மாதா கோயில் மண்ணை எங்கள் ஆட்கள் பாம்புக்கடிக்கு வைத்திருப்பார்கள். வீடு கட்டினால் அத்திவாரத்தில் போடுவார்கள், வள்ளம் இறக்கினால் முன்முனை அணியத்தில் கட்டுவார்கள். ஜெர்மனியில் பாம்பும் இல்லை, வள்ளமும் இல்லை. அப்பா விட்டாரா? காரில் இருக்கிறது. சலவை மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. ஒருமுறை என் கணிதப் பரீட்சைக்குக் கல்குலேட்டர் உறைக்குள்ளும் இருந்தது, பொத்தான்கள் நறநறத்ததால் கண்டுபிடித்தேன். அதெல்லாம் போகட்டும். ஆனால் குறி பார்த்துச் சுடுகிற குழலின் நுனியிலா?

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. துவக்கின் அடியில் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. போன கோடையில் எங்கேயோ ஒரு சிலிண்டர் வெடித்த வீடியோவை யாரோ அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவின் கன்னத்துக்குக் கீழேதானே அது இருக்கிறது என்று அப்பாவுக்கு நித்திரை இல்லை. அம்மாவிடம் சொன்னால் பயந்து சுடுவதை விட்டுவிடுவார். என்னிடம் சொன்னால் நான் சிரிப்பேன். ஆவணியில் கேவலார் மாதா கோயிலுக்குத் தமிழாட்கள் எல்லோரும் யாத்திரை போன இடத்தில், ஊரிலிருந்து புதிதாக மண் கொண்டுவந்திருந்த மக்டலீன் மாமியிடம் ஒரு பிடி வாங்கியிருக்கிறார். சிலிண்டருக்குப் பக்கத்தில் இடமில்லை. குழலில் இருந்தது.

"எண்பது கிராம் அப்பா."

"மண் என்ன பாரமே? ஒரு பிடி மண்."

"எந்த இடத்தில வைச்சனீங்கள் எண்டு தெரியுமோ? கையை நீட்டி நுனி விரலில ஒரு போத்தலைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கோ."

"அவளுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே," என்றார் அப்பா. சிலிண்டர் வெடிக்கவில்லை, ஆகவே மண் வேலை செய்திருக்கிறது. நான் படித்த எந்தப் பாடத்திலும் இந்தத் தர்க்கத்தை முறிக்க வழி சொல்லித்தரவில்லை.

ஐப்பசியிலிருந்து தை வரை. வைத்தியர், படம், வயதுக்கேற்ற தோள், நீமன், ஹோல்ட்கம்பின் கேக். எல்லாம் ஒரு பிடி மண்ணுக்காக. நான் கத்திக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வேலையிடத்தில் ஆட்கள் கூடுதலாக இருந்ததால் அம்மாவை நேரத்தோடு விட்டிருக்கிறார்கள்.

அம்மா கோட்டைக் கழற்றாமல் மேசையைப் பார்த்தார். உரித்த குழல். கறுப்புக் கார்பன் குழாய். கிழிந்த மண் பொட்டலம். ஒரு பக்கம் அப்பா, ஈரக்கையோடு. மறுபக்கம் நான். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், வேகமாக, அப்பாவின் பங்கை முதலில் வைத்து. அம்மா சிரிப்பார், பிறகு அப்பாவுக்கு நல்லாய் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உது ஆற்றை துவக்கு?" என்றார் அம்மா.

"உங்கட."

"இந்தக் கறுப்புக் குழாய் எப்ப வந்தது?"

"அது போன கிழமை. அம்மா, நான் சொல்லுறது அப்பா..."

"அவரைப் பிறகு கேக்கிறன். இப்ப உன்னைக் கேக்கிறன். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

சொன்னால் வேண்டாம் என்பீர்கள் என்றேன். அது எனக்கே நல்ல பதிலாகக் கேட்கவில்லை. அப்பா முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது, தனக்குத் துணைக்கு ஆள் கிடைத்த வெளிச்சம். அம்மா அதையும் கண்டார்.

"ஒருத்தர் மண் வைக்கிறார். மற்றவ குழாய் மாத்துறா. நான் என்னடாவெண்டால் தோள் கழண்டு போச்செண்டு மூண்டு மாசமா மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு திரியிறன். தூக்கிறது நான். கேக்கிறதுக்கு ஒருத்தருக்கும் வாய் இல்லை."

குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டம். அம்மா கத்தினால் திருப்பிக் கத்தலாம்.

நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல. நான் கணக்குப் பார்த்துப் பாரத்தைக் குறைக்கப் போனேன். அவர் கணக்கே இல்லாமல் பாரத்தைக் கூட்டினார். இரண்டு பேரையும் ஒரே வாங்குப் பலகையில் இருத்தியது அநியாயம். அம்மா அந்த வழக்கை எடுக்கவே இல்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார், உள்ளே போனார், சுடும் ஜாக்கெட்டோடு திரும்பி வந்தார்.

அன்று பின்னேரம் முழுக்க எங்கள் குசினி பட்டறையாகிவிட்டது. சங்கத்தில் எல்லோரும் வீட்டில் செய்கிற பயிற்சிதான், குண்டு போடாமல் சுவரில் ஒரு புள்ளியை ஒட்டி வெறுமனே குறி பிடிப்பது. அம்மா கட்டளை போட்டார், நான் திருகாணி கழற்றினேன், அப்பா டோர்ச் பிடித்தார். முதலில் மண் இல்லாத பழைய உருக்குக் குழாய். அம்மா இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி நின்றார். நீண்ட நேரம் நின்றார். இது நல்லம், ஆனால் கடைசியில் இன்னும் மூக்குக் கீழே பார்க்கிறது என்றார். பிறகு என் கார்பன் குழாய். தூக்கியதும் புருவம் உயர்ந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் புள்ளியில் பிடித்தபோது குழல் நுனி வட்டமடித்தது.

"காத்துக்கு ஆடுது."

குழாயோடு ஒரு சின்ன உருக்கு வளையமும் வந்திருந்தது, தேவையானவர்கள் குழாயில் பூட்டி முன்னும் பின்னும் நகர்த்தலாம். என் கணக்கின்படி அது தேவையில்லை. அதைப் பெட்டியிலேயே விட்டிருந்தேன். அம்மா கேட்டார், அந்த மோதிரம் எதற்கு? பூட்டினேன். நுனியில் வைத்தேன். இல்லை என்றார். ஒரு கை பின்னுக்கு நகர்த்தினேன். இன்னும் பின்னுக்கு. இன்னும் கொஞ்சம். காணும். அம்மா மூச்சை விட்டுப் பிடித்து நின்றார். குழல் சுவரில் ஆணி அடித்ததுபோல நின்றது. தோள் தெரியாமல் நிற்கிறது என்றார், யாரிடமும் சொல்லாமல், சுவரிடம். வளையத்தின் இடம் அம்மாவுடையது. குழாய் என்னுடையது. அதையும் மறக்க வேண்டாம்.

மண் பொட்டலத்தை அம்மா ஒரு பால்மாப் பேணியில் போட்டு மூடி அப்பாவின் கையில் கொடுத்தார். உங்கட காருக்குள்ள இதையும் வையுங்கோ, நீங்கள் ஓடுற ஓட்டத்துக்குத்தான் இது தேவை என்றார். அப்பா வாங்கிக்கொண்டார்.

போட்டிக்குப் போகும்போது அம்மா இரண்டு பேருக்கும் ஒரே கட்டளைதான் போட்டார், கண்ணாடிக்கு இங்கால இருங்கோ, வாயைத் திறக்கக்கூடாது. சங்கத்தின் சுடும் கூடத்துக்கும் பியர் குடிக்கிற அறைக்கும் நடுவில் நீளமான கண்ணாடி. அதற்கு மேல் ஒவ்வொருவருடைய புள்ளியும் திரையில் வரும். அப்பா திரையைப் பார்க்கவில்லை, சிலிண்டரைப் பார்த்தார். நான் குழலின் நுனியைப் பார்த்தேன்.

முதல் பத்து நல்லாய்ப் போனது. இரண்டாவது பத்தில் இரண்டு குண்டு விலகியது, புதுச் சமநிலை கைக்குப் படியவில்லை. வளையத்தை அரை விரல் முன்னுக்கு வைத்திருக்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. மூன்றாவது பத்தில் அம்மா நிறுத்தினார். துவக்கை வைத்தார், தண்ணீர் குடித்தார், தானே சாவியை எடுத்து வளையத்தைத் தளர்த்தி நகர்த்தினார். முன்னுக்கா பின்னுக்கா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தெரியவில்லை. கடைசிப் பத்து. ஒரு குண்டும் கீழே போகவில்லை. ஒன்றுகூட. மூக்குத் தாழவே இல்லை. நான் மேசையை அடித்துவிட்டேன், பக்கத்து ஆளின் பியர் சிந்தியது.

கூட்டிப் பார்த்தால் முந்நூற்று எழுபத்து நாலு.

ஒரு புள்ளி. அந்த இரண்டாவது பத்தில் விலகிய குண்டுகளில் ஒன்று மயிரிழை உள்ளே போயிருந்தால் போதும். புதுக் குழாயை ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்திருந்தால் போதும். யாரை நோவது? அப்பாவை நோகலாம் என்று திரும்பினேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ஹெர் ஹோல்ட்கம்ப் எழுந்து வந்தார். நேரே என்னிடம். முகத்தில் அந்த நல்ல மனிதச் சோகம். லவினியா, கடைசி வரிசை அருமை, உன் அம்மா நன்றாக முடித்தார், ஆனால் நான் மார்கழியில் சொன்னது ஞாபகம் இருக்கும்தானே, உன் அம்மாவிடம் சொல்லு என்று தொடங்கினார். அம்மா ஜாக்கெட்டோடு, வியர்வையோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றார். என் வாயில் பதில் தயாராக இருந்தது, காரசாரமான, இலக்கணச் சுத்தமான பதில். அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

"ஹெர் ஹோல்ட்கம்ப்," என்றார் அம்மா, தன் உடைந்த ஜெர்மனில். "மார்கழியில் நீங்கள் சொன்னது இவளுக்கு. எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை."

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார், வழக்கம்போல உதவிக்கு. நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தும் பார்த்தேன்.

"இப்போது எனக்குச் சொல்லுங்கள்," என்றார் அம்மா.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வந்தது. வயது என்று தொடங்கி அந்தச் சொல்லை விழுங்கினார். தோள் என்றார். தோளுக்கு ஒன்றுமில்லை, துவக்கில் முன்பாரம் இருந்தது, இப்போது எடுத்தாயிற்று என்றார் அம்மா. என்ன பாரம் என்று அவர் கேட்டார். அப்பா மெல்ல எழும்பி வெளியே போனார், கை கழுவத்தான் இருக்கும். வீட்டு விஷயம் என்று மட்டும் சொன்னார் அம்மா. கடைசிப் பத்துச் சூட்டைத் திரையில் காட்டி, இதில் கீழே போனது எது என்று கேட்டார். ஒன்றுமில்லை. அப்படியென்றால் அடுத்த சுற்றிலும் நான் நிற்கிறேன், அதிலும் விழுந்தால் நானே வந்து தாங்கி கேட்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்லி அனுப்பத் தேவையில்லை என்றார். வசனத்தில் இரண்டு இடத்தில் பிழை. நான் திருத்தவில்லை.

ஹோல்ட்கம்ப் கழுத்தைச் சொறிந்தார். பிறகு தலையை ஆட்டினார். ஒரு சுற்று என்றார். ஒரு சுற்று என்றார் அம்மாவும். இரண்டு பேரும் தள்ளிப் போய் எந்த ஊரில், யாரோடு, எந்த நாள் என்று கதைத்தார்கள். எனக்குக் கேட்கவில்லை.

காரில் அம்மா முன்னுக்கு இருந்தார், மடியில் துவக்குப் பெட்டி. நான் பின்னுக்கு. வளையத்தை எந்தப் பக்கம் நகர்த்தினீர்கள் என்று கேட்டேன். அம்மா பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தார். பிறகு அடுத்த சுற்று எப்போது என்று கேட்டேன், லீவு போட வேண்டும், எனக்கும் வேலை இருக்கிறதுதானே.

"உனக்கு ஏன்?" என்றார் அம்மா. "நீயே சுடப்போறாய்?"

அப்பா சிரித்தார். அடுத்த சுற்று எப்போது என்று அவருக்கு மட்டும் அம்மா சொல்லியிருந்தார் போல.